டயட்ல பாலை நிறுத்திட்டேன், ராகியும் மோரும் போதுமா? (60 தாண்டினவங்க கால்சியம் கணக்கு)

கோவைவாசகி, 3 ஜூன் 2024, இரவு 9:12

எனக்கு 61 வயசு. முட்டி வலி, எட்டு கிலோ குறைச்சே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். முதல் வேலையா பாலையும் தயிரையும் நிறுத்திட்டேன், கொழுப்பு இல்லையா. காபி கூட கருப்பாத்தான். காலைல ராகிக் கஞ்சி, அப்புறம் நாள் முழுக்க நீர்மோர் ஒரு மூணு டம்ளர். கால்சியத்துக்கு இது தாராளம்னு தங்கச்சி சொல்றா. எங்க பாட்டியெல்லாம் கால்சியம் கணக்கு பார்த்தா சாப்பிட்டாங்க? போதும்தானே?

உறையூர்க்காரி, 4 ஜூன், காலை 5:48

போதாதும்மா. பாதி கூட இல்லை.

கஞ்சிக்கு எவ்ளோ மாவு போடுவீங்க, ரெண்டு மூணு ஸ்பூன், 30 கிராம்னு வச்சுக்கோங்க. அதுல 110 மி.கி கால்சியம் வரும். நீர்மோர் ஒரு டம்ளர்ல உண்மையிலயே எவ்ளோ தயிர் இருக்கும்? ரெண்டரை ஸ்பூன் தயிரைக் கலக்கி தண்ணிய ஊத்துவோம், 40 கிராம் தயிருக்கு 50 மி.கி. மூணு டம்ளர் குடிச்சாலும் 150. எல்லாம் சேர்த்து 260. உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1200. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்கு இது, மத்த பெரியவங்களுக்கு 1000, மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு 1200. அதுக்கு முன்னாடி 2010ல போட்டப்ப பெரியவங்களுக்கு வெறும் 600தான் வச்சிருந்தாங்க, அதனால பழைய புத்தகம் பார்த்துட்டு வர்றவங்க 600 போதும்னு சொல்வாங்க, கேக்காதீங்க.

மோர் பெருக்கி சாப்பிடணும்னு பெரியவங்க சொன்னது வயித்துக்கு. எலும்புக்கு அந்தப் பெருக்கின தண்ணில ஒண்ணும் வராது.

உறையூர்க்காரி, 4 ஜூன், காலை 11:20

காலைல அவசரத்துல எழுதிட்டு சமையலுக்குப் போயிட்டேன், முக்கியமானது பாக்கி இருக்கு.

பால்ல கொழுப்பு ஒரு பக்கம், கால்சியம் ஒரு பக்கம். கொழுப்பை எடுத்தா கால்சியம் போகாது. வெண்ணெய்லயும் நெய்லயும் கால்சியம் கிட்டத்தட்ட கிடையாது, அத்தனையும் கொழுப்பில்லாத அந்த மீதிப் பால்லதான் நிக்குது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, கொழுப்பு இத்தனை சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் இத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். டோன்டு பால்னா கொழுப்பு 3, திடப்பொருள் 8.5. ஸ்டாண்டர்டைஸ்டு 4.5க்கு 8.5. ஃபுல் கிரீம் 6க்கு 9. டபுள் டோன்டு வெறும் 1.5 கொழுப்பு, ஆனா திடப்பொருள் 9. நல்லா கவனிங்க, கொழுப்பு கம்மியான டபுள் டோன்டுல திடப்பொருள் சாதா டோன்டு பாலை விட ஜாஸ்தி. ஆவின்ல மெஜந்தா கலர்ல வர்றது அதுதான். நம்ம தெருவுல அதை சுகர்காரங்க பால்னு சொல்லி யாரும் சீந்த மாட்டாங்க, சப்புனு இருக்காம். நான் அதுக்கு மாறி ரொம்ப நாளாச்சு, காபில டிகாஷனைக் கொஞ்சம் கெட்டியா எறக்கினா சப்புனெல்லாம் தெரியாது.

அரை லிட்டர் ஃபுல் கிரீம் பால்ல 430 கலோரி பக்கம் வரும், டபுள் டோன்டுல 240. கால்சியம் ரெண்டுலயும் சுமார் 600. அப்போ டயட்டுக்கு வெட்ட வேண்டியது கொழுப்பையா, பாலையா? நீங்க பாலையே வெட்டிட்டீங்க, அதோட 600 மி.கி கால்சியமும், ஒரு 16 கிராம் நல்ல புரதமும் சேர்ந்து போயிடுச்சு. இந்த வயசுல புரதம் போச்சுன்னா எடை குறையறது தொப்பைல இல்ல, தொடைல. தொடை சதை போனா முட்டி இன்னும் படுத்தும்.

உறையூர்க்காரி, 5 ஜூன், காலை 6:05

பாட்டி காலம்னு கேட்டிருந்தீங்கல்ல, அது ராத்திரி முழுக்க மனசுல ஓடிட்டே இருந்துது. எனக்குத் தெரிஞ்ச பாட்டிங்க நிறைய பேருக்கு முதுகு கூனித்தான் இருந்துது, வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். கேழ்வரகுக் களி வாரத்துல பாதி நாள், வீட்டு வாசல்ல முருங்கை, கொல்லைல அகத்தி, வெயில்ல நடை, கெணத்து உப்புத்தண்ணி, அதெல்லாம் அவங்களுக்குக் கிடைச்சுது. வெத்தலைல தடவற சுண்ணாம்பும் கால்சியம்தான், அதுக்காக இப்போ யாரும் பாக்கு போட ஆரம்பிக்காதீங்க, பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டு வரும்.

தண்ணிய சொன்னேனே, அது சும்மா சொல்லலை. கடினத்தன்மை 300னு ரிப்போர்ட்ல வர்ற தண்ணில முழுக்க கால்சியம்னே வச்சாலும் லிட்டருக்கு 120 மி.கி வரும், நடைமுறைல மெக்னீசியமும் கலந்திருக்கும், கம்மியாத்தான் இருக்கும். ஆர்ஓ போட்டா அதுல பெரும்பங்கு வெளிய போயிடும். ஆர்ஓவைக் கழட்டுங்கன்னு சொல்லலை, அந்தக் கணக்கு இப்போ நம்ம வீட்ல இல்லைன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

உறையூர்க்காரி, 5 ஜூன், மாலை 4:30

ஒருத்தர் தனிச்செய்தில கேட்டிருக்கார், ரத்தத்துல கால்சியம் 9.4 இருக்கு, நார்மல், அப்புறம் எதுக்குக் கவலைன்னு. இங்கயே பதில் சொல்றேன், நிறைய பேருக்கு இந்த சந்தேகம் இருக்கும்.

உடம்புல இருக்கற கால்சியத்துல 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும். மிச்ச ஒரு சதவீதம்தான் ரத்தம், சதை எல்லாத்துக்கும் சேர்த்து. அந்த ரத்தக் கணக்கு கொஞ்சம் குறைஞ்சாலும் இதயத்துக்கே ஆபத்து, அதனால உடம்பு அதைக் குறைய விடாது. சாப்பாட்ல வரலைன்னா பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து எடுத்துப் போட்டு ரத்தத்தை நார்மலா வச்சிருக்கும். ரிப்போர்ட்ல 9.4னு வர்றதுக்கு எலும்பு கரைஞ்சிட்டிருக்கலாம். எலும்பு எப்படி இருக்குன்னு தெரியணும்னா எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன்தான். அதுல டி-ஸ்கோர்னு வரும், மைனஸ் 1 வரைக்கும் சரி, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவுல இருந்தா எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு, மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது சுலபமா முறியற அளவுக்கு மெலிஞ்ச எலும்பு. மருந்துக்கடை வாசல்ல இலவச கேம்ப் போட்டு குதிகாலை மெஷின்ல வச்சுப் பார்ப்பாங்களே, அது முதல் கட்ட சோதனைதான், அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது.

உறையூர்க்காரி, 6 ஜூன், காலை 6:15

நான் ஏன் இதுல இவ்ளோ கத்தறேன்னு கேட்டா, எங்க சித்தி.

சித்திக்கு சுகர். 62 வயசுல திடீர்னு வைராக்கியம் வந்துடுச்சு, காலைல பழம், மத்தியானம் காய்கறி சூப், ராத்திரி மோர். பால் விஷம்னு யாரோ சொன்னதைப் புடிச்சிக்கிட்டாங்க. நாலு மாசத்துல சடசடன்னு எடை இறங்குச்சு, சொந்தக்காரங்க எல்லாம் எப்படி எளைச்சுட்டேன்னு பாராட்டு. நானும்தான் பாராட்டினேன். ஒரு நாள் மோட்டர் ஓடலைன்னு பாதி பக்கெட் தண்ணிய தூக்கினப்ப முதுகுல சுளீர்னுச்சாம். கீழ விழலை, எதுலயும் இடிச்சுக்கலை, வெறும் பக்கெட். வாயுப் பிடிப்புன்னு தைலம் தடவிட்டு படுத்துட்டாங்க. தைலம், ஒத்தடம், கஷாயம்னு நாள் போனதுதான் மிச்சம். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா முதுகெலும்புல ஒரு கட்டை அப்படியே முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்துது.

அதுக்கு முன்னாடியே ஒரு அறிகுறி இருந்துது, யாருக்கும் புரியலை. சித்தி எப்பவும் கட்டற அதே நூல் புடவை, கொசுவம் தரைல இழுபட ஆரம்பிச்சுது. துணி தளர்ந்துடுச்சு, எளைச்சதால நிக்கலைன்னு சொல்லிட்டே கொசுவத்தை மேல மேல ஏத்தி சொருகிக்குவாங்க. உண்மைல ஆள்தான் உயரம் குறைஞ்சிருக்காங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கதவு நிலைல ஒரு கோடு போட்டு வைங்க, கொழந்தைங்களுக்குப் போடற மாதிரியே. வருஷா வருஷம் பாருங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ தலை இறங்கினா டாக்டர்ட்ட சொல்லுங்க.

சித்தி இப்போ நல்லா இருக்காங்க, ஊசி போடறாங்க, பாலும் குடிக்கறாங்க. ஆனா அந்த முதுகு நிமிரலை.

உறையூர்க்காரி, 6 ஜூன், இரவு 8:40

எடை குறையறதே எலும்பைக் குறைக்கும், அதையும் சொல்லணும். பத்து சதவீதம் எடை குறைச்சா இடுப்பெலும்பு அடர்த்தில ஒண்ணு ரெண்டு சதவீதம் போகும்னு ஆராய்ச்சிகள்ல வருது. சுமை கம்மியானா எலும்புக்கு வேலை கம்மி, அதான். அதுக்காக எடை குறைக்க வேண்டாம்னு இல்லை, முட்டிக்கும் சுகருக்கும் குறைச்சுத்தான் ஆகணும். மெதுவா குறைங்க, புரதத்தை விடாதீங்க, தசைக்கு வேலை குடுங்க. நடை மட்டும் பத்தாது. சுவத்துல ரெண்டு கையும் வச்சு தள்றது, நாற்காலில கைய ஊணாம உக்காந்து எழறது, தண்ணி நிரப்பின பாட்டிலை ரெண்டு கைலயும் தூக்கறது. முதுகெலும்பு ஏற்கனவே மெலிஞ்சிருந்தா குனிஞ்சு கால் விரலைத் தொடற வேலை வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்ட கேட்டு பண்ணுங்க.

மணிமேகலை_வீடு, 7 ஜூன், காலை 10:02

அக்கா ராகில 100 கிராமுக்கு 340க்கு மேல இருக்குன்னு படிச்சேன், பால்ல 120தான். ராகிதானே மூணு மடங்கு ஜாஸ்தி, ஏன் பாலையே புடிச்சுத் தொங்கறீங்க?

உறையூர்க்காரி, 7 ஜூன், மதியம் 2:15

நல்ல கேள்வி. ராகில 350 பக்கம் இருக்கறது நிஜம்தான். ஆனா 100 கிராம் ராகி மாவுன்னா 320 கலோரிக்கு மேல, அதை சாப்பிட்டா நீங்க டயட்ல இருக்கற ஒரு வேளை முடிஞ்சுது. அதே கலோரிக்கு டபுள் டோன்டு பால் 650 மி.லி கிட்ட குடிக்கலாம், கிட்டத்தட்ட 800 மி.கி கால்சியம். டயட்ல இருக்கறவங்க 100 கிராமுக்கு எவ்ளோன்னு பாக்கக்கூடாது, 100 கலோரிக்கு எவ்ளோன்னு பாக்கணும்.

இன்னொண்ணு, சாப்பிட்டது அத்தனையும் உடம்புல சேராது. பால்ல இருந்து 30 சதவீதம் பக்கம் சேரும். ராகில ஃபைடேட்னு ஒண்ணு இருக்கு, அது கால்சியத்தைப் புடிச்சுக்கும். முளை கட்டினாலோ புளிக்க வச்சாலோ அது குறையும். நான் ராகியை ஒரு ராத்திரி ஊற வச்சு, வெள்ளைத் துணில கட்டி, சமையல்கட்டு ஜன்னல் கம்பில தொங்க விடுவேன், நடுவுல ரெண்டு தரம் தண்ணி தெளிக்கணும், மறுநாள் துணியைப் பிரிச்சா வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி முளை நீட்டிட்டிருக்கும், ஒரு மாதிரி மண்வாசனை. நெழல்ல ஒணத்தி வாணலில லேசா வறுத்து மில்லுல குடுத்து அரைச்சா ஆச்சு. இல்லைன்னா கூழ் முந்தின நாளே கரைச்சு புளிக்க வைங்க, ஆடிக் கூழ் புளிச்சுத்தானே ருசி.

அதனால ராகி வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. 50 கிராம் மாவுல தோசையோ களியோ தினம் ஒரு வேளை, 180 மி.கி. பாலோட சேர்த்து. பாலுக்குப் பதிலா இல்லை.

உறையூர்க்காரி, 7 ஜூன், மாலை 6:50

கீரை கேப்பீங்கன்னு தெரியும், இப்பவே எழுதிடறேன். எல்லா கீரையும் ஒண்ணு இல்லை. பாலக் கீரைல கால்சியமும் பெருசா இல்லை, இருக்கறதும் கீரைல இருக்கற ஆக்சலேட்ங்கற பொருள்ல மாட்டிக்கிட்டு நிக்கும், அஞ்சு சதவீதம்தான் சேரும். தண்டுக்கீரை, முளைக்கீரைலயும் ஆக்சலேட் நிறைய. இரும்புக்கும் நார்ச்சத்துக்கும் சாப்பிடுங்க, கால்சியம் கணக்குல எழுதாதீங்க. முருங்கைக்கீரை நல்லது, 100 கிராமுக்கு 300க்கு மேல. ஒரு கை உருவின கீரை 50 கிராம் வரும், 150 மி.கி. அகத்தில அதை விட எவ்ளவோ ஜாஸ்தி, ஆனா கசப்பு, துவாதசிக்கு ஒரு நாள் சாப்பிடறதோட சரி, தினம் யார் சாப்பிடப் போறா. மருந்தை முறிக்கும்னு வேற சொல்வாங்க, சித்த மருந்து சாப்பிடறவங்க வைத்தியரைக் கேட்டுக்கோங்க.

எள்ளு, ஒரு பெரிய ஸ்பூன்ல 100 மி.கி, 50 கலோரி. இட்லிப்பொடில எள்ளு தூக்கலா போட்டு அரைச்சு வைங்க. எள்ளுருண்டை வேண்டாம், வெல்லம் ஏறிடும். கொள்ளு ரசம் நல்லதுதான், ஆனா தெளிவை மட்டும் குடிச்சா பிரயோசனம் இல்லை, கொள்ளையும் சாப்பிடணும், சுண்டலாவோ துவையலாவோ. மீன் சாப்பிடறவங்க வீட்ல நெத்திலி முள்ளோட கடிச்சு சாப்பிடற மாதிரி பண்ணுங்க, கருவாடு வேண்டாம், உப்பு. வஞ்சிரம் துண்டுல கால்சியம் வராது, முள்ளைத்தான் தூக்கிப் போட்டுடறோமே.

உப்புன்னதும் ஞாபகம் வருது. உப்பு ஜாஸ்தி ஆனா சிறுநீர்ல கால்சியம் வெளிய போகும். ஆறு கிராம் உப்புக்கு 40 மி.கி பக்கம் இழப்பு. டயட்ல சோத்தைக் குறைச்சுட்டு ருசிக்கு ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம்னு ஏத்திக்கறவங்க இதை யோசிங்க.

உறையூர்க்காரி, 9 ஜூன், காலை 6:30

பால் குடிச்சா வயிறு உப்புசம்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. தென்னிந்தியால பெரியவங்க நிறைய பேருக்கு லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை, சரியா ஜீரணம் ஆகாது. சின்ன வயசுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, போகப் போகத்தான் தெரியும். அதுக்குத்தான் நமக்கு தயிர் இருக்கு. பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்கைத் தின்னுடும், மீதியை ஜீரணம் பண்ணவும் அதுவே ஒத்தாசை பண்ணும். பாலைக் கூட ஒரே மூச்சுல ஒரு டம்ளர் குடிக்காம சாப்பாட்டோட அரை டம்ளர் குடிச்சா நிறைய பேருக்குத் தாங்கும்.

தயிர் பத்தி ரெண்டு விஷயம். ஒண்ணு, டபுள் டோன்டு பால்ல தயிர் நீர்த்துப் போகுதுன்னு கவலைப்படுவீங்க. பாலைக் காய்ச்சும்போதே அரை லிட்டருக்கு ரெண்டு குமிச்ச ஸ்பூன் கொழுப்பில்லாத பால் பவுடர் கரைச்சு விடுங்க. கட்டி வராம இருக்க கொஞ்சம் ஆறின பால்ல தனியா குழைச்சு ஊத்தணும். கைபொறுக்கற சூட்டுல உறை குத்தினா கத்தி வச்சு வெட்டற மாதிரி உறையும். ஒரு குமிச்ச ஸ்பூன் பவுடர், 10 கிராம், 125 மி.கி கால்சியம், 36 கலோரிதான். இதை விட மலிவா கலோரி செலவுல கால்சியம் வேற எதுலயும் எனக்குக் கிடைக்கலை. வாங்கும்போது டெய்ரி வைட்னர்னு போட்டிருக்கா பாருங்க, அதுல சர்க்கரை சேர்த்திருப்பாங்க. ஸ்கிம்டு மில்க் பவுடர்னு தனியா வரும்.

ரெண்டாவது, இப்போ எல்லாரும் துணில தயிரைக் கட்டி தண்ணி வடிச்சு கிரீக் யோகர்ட்னு சாப்பிடறாங்க. புரதத்துக்கு நல்லது. ஆனா தயிர் புளிச்ச உடனே கால்சியத்துல நல்ல பங்கு தண்ணில கரைஞ்சிடும், நீங்க சிங்க்ல ஊத்தற அந்த மஞ்சள் தண்ணில அதுவும் போகுது. எலுமிச்சை பிழிஞ்சு பனீர் பண்ணினாலும் அதேதான். அந்தத் தண்ணியை சப்பாத்தி மாவு பிசைய வச்சுக்கோங்க, ரசத்துல புளியைக் குறைச்சு இதை ஊத்துங்க, ஜம்முனு இருக்கும்.

உறையூர்க்காரி, 9 ஜூன், இரவு 9:25

குடும்ப குரூப்புல இன்னிக்கும் வந்துடுச்சு, கோதுமை மணி அளவு சுண்ணாம்பைத் தயிர்ல கலந்து தினம் சாப்பிட்டா மூட்டு வலி போயிடும்னு. கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கோதுமை மணி 50 மி.கி எடை வரும். சுத்தமான காஞ்ச சுண்ணாம்புலயே பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கால்சியம், ஆக 25 மி.கி. அது கலக்கற தயிர், ரெண்டு பெரிய ஸ்பூன்னா 40 மி.கி. தயிரை மட்டும் இன்னொரு ஸ்பூன் சேர்த்து சாப்பிட்டா தீர்ந்துது. சுண்ணாம்பு வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், கடைல வர்றதுல வேற என்ன கலந்திருக்கும்னும் நமக்குத் தெரியாது. வயசானவங்க கண்ணு தெரியாம கோதுமை மணிக்குப் பதில் கொட்டைப்பாக்கு அளவு போட்டுட்டா என்ன ஆகும். தயவுசெஞ்சு ஃபார்வேர்ட் பண்ணாதீங்க.

உறையூர்க்காரி, 11 ஜூன், காலை 7:10

பேலியோல, அதான் மாவுச்சத்தை வெட்டிட்டு கொழுப்பை ஏத்தற டயட்ல, இருக்கற தம்பி ஒருத்தர் அவங்கம்மாவுக்கும் அதையே குடுக்கறேன்னு எழுதியிருக்கார். பட்டர் டீல கால்சியம் இல்லை தம்பி. 100 கிராம் பாதாம்ல 250 பக்கம் இருக்கு, ஆனா 600 கலோரி. பனீர் குடுக்கறது சரிதான், காய், கீரை, முட்டையும் சரி, ஆனா 68 வயசு அம்மாவுக்குப் பாலும் தயிரும் அளவு பார்த்து வைங்க, சுகர் மாத்திரை போடறவங்கன்னா டாக்டர்ட்ட சொல்லாம மாவுச்சத்தை வெட்டாதீங்க, சர்க்கரை திடீர்னு இறங்கிடும், தள்ளாடி விழுந்தாங்கன்னா இத்தனை எலும்புப் பேச்சும் வீண்.

சொல்ல மறந்துட்டேன், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி தட்டுல பால் தயிர் 300 மி.லி வச்சிருக்கு. நம்ம டயட்ல கலோரி அதை விடக் கம்மி, அதனால மத்த சாப்பாட்ல வர்ற கால்சியமும் குறையும். அதான் நான் 500 கிட்ட வச்சுக்கறேன்.

கோவைவாசகி, 12 ஜூன், இரவு 8:30

மெஜந்தா பாக்கெட் வாங்கிட்டேன் அக்கா. நீங்க ஒரு நாள் என்ன சாப்பிடறீங்கன்னு சொல்லுங்களேன். அப்புறம் மாத்திரை? டாக்டர் கால்சியம் எழுதிக் குடுத்தது டப்பால அப்படியே இருக்கு, கல்லு வரும்னு பயம்.

உறையூர்க்காரி, 13 ஜூன், காலை 6:00

சந்தோஷம்மா. காலைல காபிக்கு 100 மி.லி பால். இதை ஒரு நாள் அளந்து பாருங்க, நான் ஆழாக்கை வச்சு அளந்தேன், நம்ம காபில முக்கால் டம்ளர் பால்னு நினைச்சிட்டிருந்தது டிகாஷனும் நுரையும் போக அதுல பாதிதான் இருந்துது. எட்டு மணிக்கு முளைகட்டின ராகி தோசை, எள்ளு இட்லிப்பொடி. பதினொண்ணுக்கு கெட்டித் தயிர் ஒரு கப், 150 கிராம், வெள்ளரிக்கா நறுக்கிப் போட்டு. மத்தியானம் சோறு ஒரு கரண்டி, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல் இல்ல ஏதாவது காய். சாயங்காலம் இன்னொரு காபி. ராத்திரி ரெண்டு சப்பாத்தி, படுக்கறதுக்கு முன்னாடி மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்ட பால் 150. பால் தயிர்ல 600, ராகி 180, கீரை 150, எள்ளு 100, பருப்பு காய்கறில ஒரு 100. கீரை பண்ணாத நாள் 1000க்குக் கீழ போகும், அன்னிக்குப் பால் பவுடர் ஒரு ஸ்பூன். பிரிச்சுப் பிரிச்சு சாப்பிடறது முக்கியம், ஒரே நேரத்துல 500க்கு மேல போனா உடம்பு சரியா உறிஞ்சாது.

மாத்திரை. உங்க டாக்டர் எழுதியிருந்தா போடுங்க, சாப்பாட்ல எவ்ளோ வருதுன்னு அவர்ட்ட சொல்லுங்க, பத்தாக்குறைக்குத்தான் மாத்திரை. பட்டைல 1250னு போட்டிருந்தா அது கால்சியம் கார்பனேட்டோட எடை, அதுல கால்சியம் 500. கார்பனேட்னா சாப்பாட்டோட போடணும், வயித்துல அமிலம் இருந்தாத்தான் கரையும். தினம் காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடறவங்களுக்கு அது சரியா சேராது, சிட்ரேட் வகை கேளுங்க. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும், இரும்பு மாத்திரையும் கூட வேண்டாம்.

கல்லு பயம் எல்லாருக்கும் இருக்கு. சாப்பாட்ல வர்ற கால்சியம் பெரும்பாலானவங்களுக்குக் கல்லை உண்டாக்காது, குடல்லயே ஆக்சலேட்டைப் புடிச்சு வெளிய தள்ளிடும். 2002ல இத்தாலில கல்லு வந்தவங்களையே ரெண்டு பிரிவா வச்சு அஞ்சு வருஷம் பார்த்தாங்க, கால்சியத்தைக் குறைச்சவங்களுக்குத்தான் திரும்பக் கல்லு ஜாஸ்தி வந்துது. 1200 மி.கி சாப்பிட்டு உப்பையும் கறியையும் குறைச்சவங்களுக்குக் கம்மி. மாத்திரை வேற விஷயம், வெறும் வயித்துல அள்ளிப் போட்டா கல்லுக்கு வழி, அதனாலதான் சாப்பாட்டோடன்னு சொல்றேன். ஏற்கனவே கல்லு இருக்கறவங்க, கிட்னி பலவீனமா இருக்கறவங்க நான் சொன்ன எதையும் டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க, அவங்களுக்குப் பாலே அளவாத்தான்.

உறையூர்க்காரி, 13 ஜூன், காலை 9:40

வைட்டமின் டி எழுதலையேன்னு வீட்ல ஞாபகப்படுத்தினாங்க. டி இல்லைன்னா எவ்ளோ பால் குடிச்சும் கால்சியம் சரியா ஏறாது. திருச்சி வெயில்ல யாருக்கு டி குறையப் போகுதுன்னு நினைச்சேன், எனக்கே குறைவுன்னு ரிப்போர்ட் வந்துது. நாம வெயில்ல எங்க நிக்கறோம், விடிகாலை நடை, அந்த வெளிச்சத்துல டி உண்டாகாது. உச்சி நேரத்துக்குப் பக்கத்துல, பத்து பதினொண்ணு மணிக்கு, கையும் முதுகும் படற மாதிரி கொஞ்ச நேரம், துணி காயப்போடற சாக்குல. ரொம்பக் கம்மின்னு வந்தா டாக்டர் வாரம் ஒண்ணுன்னு எழுதுவாங்க. அந்த 60,000 யூனிட் பாக்கெட்டை தினம் ஒண்ணா சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க, வாரம்னா வாரம்தான்.

பால் பாக்கெட்ல செறிவூட்டப்பட்டதுன்னு இருந்தா ஏ, டி ரெண்டும் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். கிடைச்சா அதையே வாங்குங்க.

கோவைவாசகி, 15 ஜூன், மாலை 5:15

டெக்ஸாவுக்கு வர்ற வாரம் எழுதி வாங்கிட்டேன் அக்கா. வீட்டுக்காரருக்கு 72, அவருக்கும் எடுக்கணுமா? அவர் ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வராதுங்கறார்.

உறையூர்க்காரி, 15 ஜூன், இரவு 7:05

வரும்மா. ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் லேட்டா வரும், அவ்ளோதான், 70க்கு மேல அவங்களுக்கும் இடுப்பெலும்பு முறியுது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நாள்கணக்கா சாப்பிட்டிருந்தாலோ, சிகரெட் பழக்கம் இருந்தாலோ, லேசா தடுக்கி விழுந்ததுக்கே எலும்பு முறிஞ்சிருந்தாலோ கண்டிப்பா எடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள் அப்பாயின்ட்மென்ட் கேளுங்க. அன்னிக்குக் காலைல கால்சியம் மாத்திரை போடாதீங்க, கரையாத மாத்திரை படத்துல தெரியலாம். கொக்கி, ஜிப், ஜரிகை இல்லாத துணி போட்டுட்டுப் போங்க. எந்த மெஷின்னு குறிச்சு வைங்க, அடுத்த தரமும் அதுலயே எடுத்தாத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ரிசல்ட் வந்ததும் டாக்டர்ட்ட காமிச்சுட்டு டி-ஸ்கோரை இங்க போடுங்க, முதுகுக்குத் தனியா, இடுப்புக்குத் தனியா.